யாருக்காகப் பிள்ளை?

வயனங்கோட்டு ஊர்ப்புறத்திலே, ஒரு தோட்டத்தின் மறைவிலே, பெற்றவள் விட்டுச் சென்ற பச்சைக் குழந்தை ஒன்று கிடந்தது. பசு ஒன்று அதன் குரல் கேட்டு வந்தது. நாவால் நக்கிற்று, பால் சுரந்தது, ஏழு நாள் அகலாமல் நின்று காத்தது. அவ்வழியே வந்த இளம்பூதி என்னும் அந்தணன் கண்டான், இரங்கினான், எடுத்துச் சென்று தன் பிள்ளையாகவே வளர்த்தான், தன் குலத்துக்குரிய கல்வி அனைத்தும் ஓதுவித்தான். மணிமேகலைக் காப்பியம் காட்டும் ஆபுத்திரன் வரலாற்றின் தொடக்கம் இது.

வளர்ந்த பிள்ளை ஒரு நாள், வேள்விக்கென்று கட்டி வைக்கப்பட்டிருந்த பசுவொன்றைக் கண்டான். நள்ளிரவில் அதனை அவிழ்த்து ஓட்டிச் சென்றான். பிடித்தனர் வேதியர், கோல் கொண்டு புடைத்தனர். அதுவரையில் அவன் செய்த செயல்தான் வழக்கு. வாதத்திலே அவனை வெல்ல முடியாது போனதும் வழக்கு மாறிற்று. அவன் பிறப்பே வழக்காயிற்று! யார் பெற்ற பிள்ளை இவன் என்று இழித்துரைத்தனர். அவன் சளைத்தானில்லை. நீங்கள் போற்றும் முனிவர்களிலே மானுக்கும் பசுவுக்கும் பிறந்தவர்கள் இல்லையோ என்று கேட்டுச் சிரித்தான். வாதத்தில் வென்றான், ஆனால் வீட்டை இழந்தான். தூக்கி வளர்த்த பூதியே அவனைத் துரத்தினான்.

சாத்தனார் இக்கதையைச் சொல்லிப் பன்னூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. எனினும், பிள்ளையொன்றைப் பிறர் வீட்டிலிருந்து ஏற்று வளர்க்கும் வழக்கத்தின் இந்திய வரலாற்றை நாம் புரட்டிப் பார்க்கும்போதெல்லாம், பூதியின் வீட்டு வாயிலிலே போய் நிற்கிறோம். பிள்ளை வேண்டும் என்று எடுத்தவன் எதற்காக எடுத்தான்? பிள்ளைக்காகவா, தனக்காகவா? இந்த ஒரு வினாவுக்கு ஒவ்வொரு காலத்துச் சட்டமும் ஒவ்வொரு விடை தந்திருக்கிறது. நெடுங்காலம் தந்த விடை நாம் நாணத்தக்க விடையாகும்.

மனுவின் நூலைத் திறந்தால் அங்கே பிள்ளைகளில் பன்னிரண்டு வகை பேசப்படுகிறது. தானே பெற்ற மகன் முதல்வன். மனைவியிடம் பிறர்க்குப் பிறந்தவன், கன்னியிடம் பிறந்தவன், விலைக்கு வாங்கப்பட்டவன், தானே வந்து தன்னைக் கொடுத்துக் கொண்டவன் என்று பட்டியல் நீளுகிறது. அதிலே தத்தன் என்பவன் பெற்றோரால் கொடுக்கப்பட்டவன். அபவித்தன் என்று மற்றொருவனும் உண்டு. பெற்றோரால் எறியப்பட்டு, பிறரால் எடுத்து வளர்க்கப்பட்டவன். அதாவது, நம் ஆபுத்திரன்! ஏனிந்தப் பன்னிரண்டு? அதே நூல் விடை கூறுகிறது: 'புத்' என்னும் நரகத்திலிருந்து தந்தையைக் காப்பவனே புத்திரனாம். செத்த பின் பிண்டம் வைக்க ஒரு கை வேண்டும். தண்ணீர் வார்க்க ஒரு கை வேண்டும். அந்தக் கை ஆண் கையாக இருத்தல் வேண்டும். பிள்ளை பிழைக்க வீடு தேடிய ஏற்பாடு அன்று இது. தந்தை பிழைக்கப் பிள்ளை தேடிய ஏற்பாடு.

அந்தப் பட்டியலிலே எறியப்பட்ட குழந்தைக்கு ஓர் இடமாவது இருந்ததே என்று ஆறுதல் கொள்ளப் போனால், பின்னர் வந்த சாத்திரிகள் அதையும் பறித்துக் கொண்டனர். கலியுகத்திலே பெற்ற மகனும் கொடுக்கப்பட்ட மகனும் மட்டுமே மகன்கள், ஏனைய வகைகள் செல்லா என்று தீர்த்து விட்டனர். மிதிலைப் பகுதியிலே வேறொரு வகை பிழைத்திருந்தது என்பர். அது தனிக் கதை. நாட்டின் பெரும் பகுதியிலே, தெருவிலே கிடந்த குழந்தை சட்டத்தின் கண்களுக்குத் தெரியாமல் போயிற்று.

எவ்வாறு என்பதைச் சற்று விளக்கியாக வேண்டும்; ஏனெனில் இங்கேதான் இந்த வரலாற்றின் நெஞ்சு இருக்கிறது. நந்த பண்டிதர் எழுதிய தத்தக மீமாம்சை என்றும், தத்தக சந்திரிகை என்றும் இரண்டு நூல்கள். 1821-ஆம் ஆண்டு சதர்லாந்து என்ற ஆங்கிலேயர் இவ்விரண்டையும் ஆங்கிலத்தில் பெயர்த்தார். வெள்ளைக்கார நீதிபதிகளின் மேசைக்கு இவையே வேதமாயின. இந்நூல்களின் நெறிப்படி தத்து என்பது ஒரு தானம். தானம் என்றால் கொடுப்பவன் வேண்டும் அல்லவா? பிள்ளையைக் கொடுக்கும் உரிமை தந்தைக்கு. அவன் இன்றேல் தாய்க்கு. பாட்டனுக்கு இல்லை, அண்ணனுக்கு இல்லை, மாமனுக்கு இல்லை. ஆகவே தாயும் தந்தையும் இல்லாத குழந்தையைக் கொடுப்பதற்கு ஆள் இல்லை. கொடுக்க ஆள் இல்லாததால் கொள்ளவும் முடியாது. அநாதைக் குழந்தையைத் தத்து எடுக்க முடியாது என்பதே சட்டம்! பசித்தவனைத் தவிர மற்றவர்க்கெல்லாம் பந்தி என்று எவனேனும் விருந்து வைத்தால் அவனைப் பித்தன் என்போம். பிரிவி கவுன்சில் வரை போய்ப் பேசப்பட்ட இந்த ஏற்பாட்டைத் தர்மம் என்றார்கள்.

அநாதைக்கு மட்டுமா கதவு அடைக்கப்பட்டது? பெண் குழந்தைக்கும் அடைக்கப்பட்டது. அவள் பிண்டம் வைக்க மாட்டாள். பிற வருணத்துக் குழந்தைக்கும் அடைக்கப்பட்டது. அதன் பின்னும் ஒரு நுட்பம் வகுத்தனர்: தத்து எடுக்கப்படுபவன் எடுப்பவனுக்கே பிறந்திருக்கக் கூடியவன் போலத் தோன்ற வேண்டுமாம், மகனின் நிழலாக இருக்க வேண்டுமாம். எனவே, எவளை மணக்க முடியாதோ அவள் பெற்ற பிள்ளையை எடுக்கலாகாது. மகள் வயிற்றுப் பேரனும் தமக்கை மகனும் விலக்கு. இந்த விலக்கு மேல் மூன்று வருணத்தாருக்கே. சூத்திரர் என்று அவர்கள் பெயரிட்டவர்க்கு இல்லை. தெற்கிலோ அந்த மேல் வருணத்தாரும் இதைப் பொருட்படுத்தாமல் மகளின் மகனையும் தமக்கையின் மகனையும் மடியில் அமர்த்திக் கொண்டே வந்தனர். கையிலே ஏடு ஒன்று சொல்ல, வீட்டிலே அன்பு வேறொன்று செய்தது என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தியே.

ஏட்டை விட வழக்கம் வலிது என்பதற்கு நம் நாட்டு வழக்கொன்றே சான்று. இராமநாதபுரத்து இராணி பர்வதவர்த்தினி நாச்சியார் கணவனை இழந்தவர். உறவினர் இசைவோடு ஒரு பிள்ளையைத் தத்து எடுத்தார். கணவன் அனுமதி தந்து செல்லாத நிலையில் கைம்பெண் எடுத்த தத்து செல்லுமா? செல்லாது, எனவே சமஸ்தானம் எமக்கே என்ற நினைப்போடு அரசாங்கத்தின் பெயரால் மதுரைக் கலெக்டர் வழக்காடினார். 1868-ஆம் ஆண்டு பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது: திராவிட நாட்டு முறைப்படி, கணவனின் நெருங்கிய உறவினர் இசைவு இருந்தால் கைம்பெண்ணின் தத்து செல்லும், தெளிவாக மெய்ப்பிக்கப்பட்ட வழக்கம் எழுதிய நூலையும் விஞ்சி நிற்கும். இந்துச் சட்ட வரலாற்றிலே இன்றும் எடுத்துக் காட்டப்படும் தீர்ப்பு அது. இராணி வென்றார். ஆனால் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்த நெடிய வழக்கிலே எவரும் கேட்காத ஒரு கேள்வி உண்டு. அந்தப் பையனுக்கு எது நலம் என்பதே அது.

ஜான்சியிலும் அப்படியே. 1853 நவம்பரில் கங்காதரராவ் இறப்பதற்கு முந்திய நாள் தாமோதரன் தத்து எடுக்கப்பட்டான். டல்ஹௌசி ஏற்க மறுத்தார்; 1854-இல் ஜான்சி விழுங்கப்பட்டது. தத்து என்ற சொல் வரலாற்றுப் பாடப் புத்தகத்திலே இடம் பெற்றிருப்பது அரியணைக்காகத்தான். மாணவர்க்கு நாமும் அப்படித்தான் கற்பிக்கிறோம்.

பெண் குழந்தையைத் தத்து எடுக்கும் வழக்கம் எங்குமே இல்லையா என்று கேட்பார்க்கு, இருந்தது என்று சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லவே நா கூசுகிறது. கோயிலுக்குப் பொட்டுக் கட்டப்பட்ட பெண்கள் தம் தொழிலுக்கும் சொத்துக்கும் வாரிசாகச் சிறுமிகளை எடுத்தனர். பம்பாய் ஹைகோர்ட் அதனைச் செல்லாது என்றது. சென்னை ஹைகோர்ட் விபச்சாரத்துக்காக அல்ல எனில் வழக்கப்படி செல்லும் என்று வரம்பிட்டு ஏற்றது. ஆண் என்றால் மேலுலகுக்கு வழி. பெண் என்றால் இந்த வழி. இந்தக் கொடுமையின் வேரை அறுக்கப் பாடுபட்ட முத்துலட்சுமி அம்மையார், 1930-ஆம் ஆண்டளவில் அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். எவர்க்கும் வேண்டாத சிறுமிகளுக்கு அங்கே சோறும் கல்வியும் கிடைத்தன. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் மேடைதோறும் முழங்கினார். 1947-இல் பொட்டுக் கட்டுவதைத் தடை செய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது. குழந்தைகளுக்கென்றே தனிச் சட்டம் ஒன்றை இந்தியாவிலேயே முதன்முதல் 1920-இல் இயற்றியதும் சென்னை மாகாணந்தான். அதன் நோக்கம் பெரிதும் குற்றம் செய்த சிறுவர்களைப் பற்றியதே எனினும், குழந்தை என்பது சொத்து அன்று, அரசு கவனிக்க வேண்டிய உயிர் என்ற எண்ணம் ஏட்டிலே ஏறிய நாள் அது.

இயக்கத்தார் சட்டத்துக்குக் காத்திருக்கவில்லை. தந்தை பெரியார் இளம் பருவத்தில் உறவினரான கைம்பெண் அம்மையார் ஒருவரிடம் வளர்ப்புப் பிள்ளையாக இருந்தவர். அவர் பின்னாளில், 1959-ஆம் ஆண்டு, திருச்சியிலே நாகம்மையார் குழந்தைகள் இல்லம் கண்டார். மணியம்மையார் அதனைத் தாயாக இருந்து நடத்தினார். மருத்துவமனையிலும் சாலையோரத்திலும் விடப்பட்ட சிசுக்கள் அங்கே வந்தன. தந்தை பெயர் என்ன என்ற கேள்விக்கு விடை இல்லாத அந்தப் பிள்ளைகளின் பெயருக்கு முன்னால் ஈ.வெ.ரா.ம. என்ற எழுத்துகள் நின்றன. ஈ.வெ.ரா.வும் மணியம்மையாரும் தம் பெயரையே தந்து விட்டனர்! குலம் கேட்கவில்லை, கோத்திரம் கேட்கவில்லை, பிண்டத்தை எதிர்பார்க்கவும் இல்லை. கடவுளையும் மேலுலகையும் மறுத்த கிழவருக்குப் பிண்டம் எதற்கு? அறிஞர் அண்ணாவும் இராணி அம்மையாரும் பிள்ளைப்பேறு இல்லாதவர்கள். தமக்கையின் பேரப்பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாக ஏற்று வளர்த்தனர். தத்தக மீமாம்சையைப் புரட்டியா எடுத்தனர்?

டில்லியிலே இந்துச் சட்டத் தொகுப்புக்காக அம்பேத்கர் போராடியதும், வைதிகர் ஊளையிட்டதும், 1951-இல் அவர் அமைச்சர் பதவியை உதறியதும் நாடறிந்தவை. அந்தத் தொகுப்பைத் துண்டு துண்டாக்கி நிறைவேற்றினர். அதிலொரு துண்டு 1956-ஆம் ஆண்டு இந்து மகவேற்பு மற்றும் வாழ்க்கைப் பொருளுதவிச் சட்டம். துண்டுதான், ஆனால் துணிவான துண்டு. பெண் குழந்தையைத் தத்து எடுக்கலாம் என்றது. மணமாகாத பெண்ணும், கைம்பெண்ணும், மணவிலக்குப் பெற்றவளும் தம் உரிமையிலேயே எடுக்கலாம் என்றது. கணவன் எடுப்பதாயின் மனைவியின் இசைவு வேண்டும் என்றது. சாதித் தடை போயிற்று. தத்த ஹோமம் தேவையில்லை என்று தெளிவாகவே எழுதிற்று. புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணம் 1967-இல் சட்டமன்றத்தின் ஒப்புதலைப் பெறுவதற்குப் பத்தாண்டு முன்பே, புரோகிதர் இல்லாத தத்து சட்டமாகி விட்டது! இதை நம்மவர் பலரும் கவனித்ததில்லை.

எனினும் அந்தச் சட்டத்திலும் அநாதைக் குழந்தைக்கு வழி குறுகலாகவே இருந்தது. பெற்றோர் இறந்திருந்தால், உயில் வழியோ நீதிமன்றத்தாலோ அமர்த்தப்பட்ட காப்பாளர், நீதிமன்ற அனுமதியோடு கொடுக்கலாம். பெற்றோர் யாரென்றே தெரியாத குழந்தைக்கு? தொட்டிலிலே விட்டுப் போன குழந்தைக்கு? ஆறாண்டு கழித்து, 1962-ஆம் ஆண்டுத் திருத்தந்தான் அந்த வார்த்தைகளைச் சேர்த்தது. கைவிடப்பட்ட குழந்தை, பெற்றோர் யாரென அறியப்படாத குழந்தை ஆகியோரையும், அவரைப் பேணி வரும் காப்பாளர் நீதிமன்ற அனுமதி பெற்றுத் தத்துக் கொடுக்கலாம். சாத்திரிகள் மூடிய கதவு அன்றைக்குத்தான் திறந்தது. சட்டப்படி ஆபுத்திரனை ஒருவர் மகன் என்று சொல்ல 1962 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மணமான பெண் தானே எடுக்கும் உரிமைக்கோ 2010 வரை!

இந்து அல்லாதார் கதை வேறு. கிறித்தவர், முஸ்லிம், பார்சி ஆகியோருக்குத் தத்துச் சட்டம் இல்லை. 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டப்படி காப்பாளராகலாம், பெற்றோராக முடியாது. பிள்ளைக்குப் பதினெட்டு வயதானால் அந்த உறவும் சட்டத்தின் பார்வையில் கரைந்து விடும், சொத்துரிமையும் இல்லை. எல்லார்க்கும் பொதுவான மசோதா 1972-இல் வந்தது, எதிர்ப்புக்கிடையே கைவிடப்பட்டது. 1980-இல் மீண்டும் வந்தது, காலாவதியாயிற்று. 2000-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் அதன் 2006-ஆம் ஆண்டுத் திருத்தமும், மதம் பற்றிய பேச்சே இல்லாமல் தத்துக்கு வழி வகுத்தன. 2014 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட், எம்மதத்தவரும் அச்சட்டத்தின் கீழ்த் தத்து எடுக்கலாம், மதச் சட்டம் அதற்குத் தடையாகாது என்று தீர்ப்பளித்தது. விரும்பியவர் எடுக்கலாம், விரும்பாதவரை எவரும் வற்புறுத்தவில்லை. நல்ல தீர்ப்பு.

இதற்கிடையே பிள்ளை வாணிபம் ஒன்று தழைத்ததையும் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டுக்குக் குழந்தைகள் அனுப்பப்படும் முறைகேடுகளைச் சுட்டி லட்சுமி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதமே மனுவாக ஏற்கப்பட்டு, 1984-இல் நீதிபதி பகவதி வரம்புகள் விதித்தார். முதலில் இந்நாட்டிலேயே வீடு தேட வேண்டும். கிடைக்காவிடின் பிறகே கடல் கடக்கலாம். 1990-இல் மத்திய தத்தெடுப்பு வள ஆணையமாகிய காரா அமைந்தது. அதன் பின்னும் ஆந்திரத்துத் தாண்டாக்களில் லம்பாடிப் பெண் சிசுக்கள் சில நூறு, சில ஆயிரம் ரூபாய்க்கு வாங்கப்பட்ட செய்தி 2001-இல் நாட்டை உலுக்கிற்று. நம் பெருமைக்கும் குறைவில்லை. 2019 ஏப்ரலில் இராசிபுரத்திலே பிடிபட்ட கும்பலைப் பற்றி வெளியான ஒலிப்பதிவில், ஆணா பெண்ணா, கறுப்பா சிவப்பா என்பதற்கேற்பச் சிசுவுக்கு விலை பேசப்பட்டது. மனுவின் பட்டியலிலே விலைக்கு வாங்கப்பட்ட மகன் என்றொரு வகை இருந்ததே, அவன் மட்டும் எக்கலியுகத்திலும் ஒழிவதாயில்லை.

இனி நிகழ்காலக் கணக்கு. 2010-ஆம் ஆண்டில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் சட்டப்படி தத்துப் போயினர். பின்னர் அந்த எண் சரிந்து, 2022-23-இல் 3,441 ஆயிற்று. 2024-25-இல் 4,515 ஆக உயர்ந்தது. அவர்களில் 4,155 பேர் உள்நாட்டு வீடுகளுக்கே சென்றனர். நூற்று நாற்பது கோடி மக்கள் வாழும் நாட்டிலே நாலாயிரத்தைந்நூறு! பிள்ளை வேண்டும் என்று பதிவு செய்து காத்திருக்கும் பெற்றோர் முப்பதாயிரத்துக்கும் மேல். காத்திருக்கும் காலம் மூன்று ஆண்டுக்கும் மேல். பெற்றோரில் ஒருவரையோ இருவரையுமோ இழந்த குழந்தைகளோ கோடிக்கணக்கில். கேட்பவர் இத்தனை பேர், ஆதரவற்றவர் அத்தனை பேர். நடுவிலே வாய்க்கால் ஏன் வறண்டு கிடக்கிறது?

ஒரு காரணம் சட்டப்படியானது. விடுதியில் இருக்கும் பிள்ளைகளில் பலருக்கு எங்கோ ஒரு தாய் உண்டு, சிறையிலோ நோயிலோ வறுமையிலோ ஒரு தந்தை உண்டு. அத்தகைய பிள்ளையைத் தத்துக் கொடுக்க முடியாது, கொடுக்கவும் கூடாது. கைவிடப்பட்ட பிள்ளையாயினும், பெற்றோரைத் தேடிப் பார்த்த பின்பே குழந்தைகள் நலக் குழு அதனைத் தத்துக்கு உரியதென்று அறிவிக்கும். தானே ஒப்படைக்கும் தாய்க்கு மனம் மாற இரண்டு மாதம் தரப்படுகிறது. இது சரியான தாமதம். ஏழைத் தாயிடமிருந்து அவசரமாகப் பிள்ளையைப் பறிப்பது சீர்திருத்தம் ஆகாது.

மற்றொரு காரணம் நம் மனத்தில் இருக்கிறது. பதிவு செய்வோரில் பெரும்பாலோர் கேட்பது இரண்டு வயதுக்கு உட்பட்ட, நோய் நொடியற்ற குழந்தை. ஐந்து வயதைத் தாண்டியவனை எவரும் கேட்பதில்லை. அண்ணனும் தங்கையுமாகச் சேர்ந்து இருப்போரை இன்னும் கேட்பதில்லை. உடற்குறை உள்ள குழந்தைகளை ஏற்போரில் பெரும்பாலோர் வெளிநாட்டார். சிசுவாகக் கேட்பது ஏன்? பெற்றது போலவே இருக்க வேண்டும், ஊருக்குத் தெரியாதிருக்க வேண்டும், பிள்ளைக்கும் தெரியாதிருக்க வேண்டும். நிறமும் ஒத்துப் போக வேண்டும். மகனின் நிழலாக இருக்க வேண்டும் என்று நந்த பண்டிதர் சொன்னாரே, அந்த நூலின் பெயரைக் கூடக் கேட்டறியாதவர் வீட்டிலும் அது உட்கார்ந்திருக்கிறது!

ஒரு மாற்றத்தை மட்டும் மகிழ்ந்து குறிக்கலாம். உள்நாட்டில் தத்துப் போகும் குழந்தைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ அறுபது பெண் குழந்தைகள். பிண்டம் வைக்காத பெண்ணைத் தேடி வந்து எடுத்துச் செல்கின்றனர் என்பது, புத் என்னும் நரகத்தின் அஞ்சல் முகவரி மக்களுக்கு மறந்து போய்விட்டது என்பதற்கு அறிகுறி. ஆயினும் அரைமகிழ்ச்சியே. கைவிடப்படுவோரிலும் பெண்களே மிகுதி. சிசுக்கொலைக்கு அஞ்சி 1992-இல் சேலத்திலே தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க நேர்ந்ததை எப்படி மறப்பது? அந்தத் தொட்டில்களில் வந்து விழுந்தவை பெரும்பாலும் பெண் சிசுக்கள்.

இன்னொரு கணக்கு இருக்கிறது. படித்த அன்று நமக்கு உறக்கம் வரவில்லை. 2020-க்கு முந்திய ஐந்தாண்டுகளில், தத்து எடுக்கப்பட்ட பின் ஏறத்தாழ 1,100 பிள்ளைகள் இல்லங்களுக்கே திருப்பி அனுப்பப்பட்டனர் என்று அரசுத் தகவல் கூறிற்று. சற்று வளர்ந்த பிள்ளைகள் புது வீட்டிலே ஒட்டுவதற்கு நாளாகிறது. பொறுமை இழந்து திருப்பி விடுகின்றனர். வயனங்கோட்டில் ஒரு பூதி. இங்கே எத்தனை பூதிகள்!

ஆகவேதான் வளர்ப்புப் பராமரிப்பு என்னும் மற்றொரு முறையைப் பற்றி நாம் அதிகம் பேச வேண்டும் என்கிறோம். பெற்றோர் இருந்தும் வளர்க்க முடியாத பிள்ளையை, தத்துக்கு உரியதல்லாத பிள்ளையை, வயது மீறியதால் எவரும் எடுக்காத பிள்ளையை, ஒரு குடும்பம் சில காலம் தன் வீட்டில் வைத்து வளர்ப்பது. 2015-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்குத் தனிப் பிரிவு தந்தது. 2016-இல் மாதிரி நெறிமுறைகள் வந்தன. 2024-இல் அவை திருத்தப்பட்டன. 35 முதல் 60 வயது வரையுள்ள மணமாகாதவர், துணையை இழந்தவர், மணவிலக்குப் பெற்றவரும் வளர்க்கலாம் என்றும், தத்துக்கு உரிய பிள்ளையாயின் ஐந்தாண்டுக்குப் பதில் இரண்டாண்டு வளர்த்த பின் தத்து எடுக்கலாம் என்றும் தளர்த்தினர். செலவுக்கு மாதம் 4,000 ரூபாய் உதவியும் திட்டத்தில் உண்டு.

இருந்தும் இந்த முறை நம்மிடையே பரவவில்லை. ஏன் பரவவில்லை என்பது வெளிப்படை. இதிலே வளர்ப்பவருக்குப் பிண்டம் இல்லை, வாரிசு இல்லை, பெயர் சொல்லப் பிள்ளை இல்லை. நாளை தாய் நலமடைந்து வந்தால் பிள்ளையை அனுப்பி வைக்க வேண்டும். கொள்வதற்கு ஒன்றும் இல்லாத, கொடுப்பதற்கு மட்டுமே இடமுள்ள முறை இது. பிள்ளைக்காகவா, தனக்காகவா என்ற பழைய வினாவுக்கு ஒளிந்து கொள்ள இங்கே இடமே இல்லை. தமிழ்நாட்டுக் குடும்பங்கள் இதை அறியாதவையும் அல்ல. தாயை இழந்த பிள்ளையைப் பெரியம்மை வளர்ப்பதும், பாட்டி வளர்ப்பதும், மாமன் வீட்டிலிருந்து படிப்பதும் தெருவுக்குத் தெரு காணும் காட்சி. அந்த அன்பு உறவின் எல்லைக்கல்லைத் தாண்டுவதில்லை. தாண்டும் இடத்திலே சாதி காவல் நிற்கிறது.

நாம் பணியாற்றும் பள்ளிக்கு அருகிலே ஓர் இல்லம் உண்டு. அங்கிருந்து வரும் மாணவன் ஒருவனுக்கு வயது பதினொன்று. தாய் இருக்கிறாள், மனநோய்க்கு மருத்துவம் பெறுகிறாள். பரீட்சை முடிந்து தேர்ச்சி அட்டை கொடுக்கும்போது, பெற்றோர் அல்லது காப்பாளர் கையொப்பம் என்ற இடத்தில், அந்த இல்லத்துப் பிள்ளைகள் அனைவரின் அட்டையிலும் ஒரே கையெழுத்து. அட்டைகளை அவர் வரிசையாக அடுக்கி வைத்துக் கொண்டு கையொப்பமிடுவார் போலும். சில வேளைகளில் மை காயாமல் மறுபக்கம் ஒட்டியிருக்கும். அவனுடைய கணக்கு மதிப்பெண் கூடியதா குறைந்ததா என்று எவரும் கேட்டதில்லை என்று அவனே ஒரு நாள் சொன்னான். குறையாக அன்று, செய்தியாகச் சொன்னான்.

சென்ற மாதம் ஆசிரியர் அறையிலே இந்தத் திட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தோம். ஒருவர், நல்லவர், என்ன சாதிப் பிள்ளைகளோ என்று தயங்கினார். மற்றொருவர், வளர்த்து ஆளாக்கிய பின் தாய் வந்து கேட்டால் என்ன செய்வது என்றார். பேச்சு திசை மாறித் தேர்வு வேலைகளுக்குப் போய்விட்டது. மாலையில் மணி அடித்த பின், ஓய்வு பெற இரண்டாண்டே உள்ள, கணவரை இழந்த ஆசிரியை ஒருவர் நம் வகுப்பறை வாயிலில் வந்து நின்றார். பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள், வீடு சும்மா கிடக்கிறது, ஐம்பத்தெட்டு வயதானவள் கேட்கலாமா, விண்ணப்பம் எங்கே கொடுக்கிறார்கள் என்று வினவினார். கேட்கலாம் என்றோம், அறுபதுக்குள் கேட்க வேண்டும் என்றோம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலே விண்ணப்பம் கிடைக்கும் என்று, அலுவலகம் இருக்கும் தெருவின் பெயரையும் எழுதிக் கொடுத்தோம்.